சின்னக் கணினி சிந்தசைசருக்கு ஈக்வலைசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஸ்பெரி பை 4, ஒரு யுஎஸ்பி கீபோர்டு, ஒரு சின்ன சவுண்டு கார்டு, உள்ளே ஃப்ளூயிட்சிந்த் என்ற சிந்தசைசர் மென்பொருள். பஜனைக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் நான் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி இவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் ஒன்று செய்துகொண்ட நண்பர்கள், முதல் வாரம் முடிவதற்குள், தாழ்ந்த ஒலி (பாஸ்), உயர்ந்த ஒலி (ட்ரெபிள்) என்று ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன்.

ஃப்ளூயிட்சிந்த் செட்டிங்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன். ஈக்வலைசர் எங்கே ஒளிந்திருக்கிறது?

எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. அதில் கிடையாது. ஃப்ளூயிட்சிந்த் சவுண்டுஃபான்ட் கோப்பில் உள்ள ஒலித்துணுக்குகளை எடுத்து, நீங்கள் அழுத்தும் சுரத்துக்கு ஏற்ப வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருள். கூடவே ரிவெர்ப் (எதிரொலிப்பு), கோரஸ் (ஒரு ஒலியைப் பல போலக் காட்டுவது) என்று இரண்டு எஃபெக்ட்டுகளும், கெயின் என்று ஒரு மொத்த ஒலியளவும் உண்டு. லாட்ஸ்பா என்ற வகைப் பிளகின்களை (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்கள்) உள்ளேயே ஏற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால் அந்த வசதியைச் சேர்த்துத் தொகுத்த பதிப்பு வேண்டும். அமைக்கும் முறையும் கொஞ்சம் முரட்டுத்தனமானது. நான் அதை யாருக்கும் முதல் வழியாகச் சொல்வதில்லை.

எல்லா மென்பொருள் சிந்தசைசரும் இப்படி இல்லை. ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ், சர்ஜ் எக்ஸ்டி இரண்டிலும் எஃபெக்ட்டுகளோடு ஈக்வலைசரும் சேர்ந்தே வருகிறது. அவற்றை வாசிப்பவர்கள் முதலில் அங்கேயே திருகிப் பார்க்கலாம்.

சவுண்டு சப்பென்று இருக்கிறது. ஈக்வலைசர் போட்டால் சரியாகிவிடுமா?

முதலில் சப்பென்று இருப்பது எது என்று பாருங்கள். பை 4 வரைக்கும் வந்த பெரிய பலகைகளில் உள்ள 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் துளைக்குப் பின்னால் சரியான ஒலிமாற்றிச் சில்லு கிடையாது. மின்துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றுகிறார்கள். மெதுவாக வாசிக்கும்போது கேட்கும் இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது. அதன்மேல் ஈக்வலைசர் போட்டு ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். பை 5-ல் அந்தத் துளையே இல்லை, ஒரு வகையில் நல்லதுதான். யுஎஸ்பி சவுண்டு கார்டோ, பலகையின் ஊசிகளில் செருகும், ஒலிமாற்றிச் சில்லு உள்ள டிஏசி அட்டையோ வாங்கி மாட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்தது சவுண்டுஃபான்ட். 6 எம்பி அளவில் ஒரு முழு ஜிஎம் தொகுப்பு (வழக்கமான வாத்தியங்கள் எல்லாம் அடங்கியது) இருக்கிறது. ஃப்ளூயிட்ஆர்3 என்ற தொகுப்பு ஏறக்குறைய 140 எம்பி. ஒரே பியானோ இரண்டிலும் வேறுவேறு மாதிரி கேட்கும். இந்த இரண்டையும் பார்த்த பிறகும் குறை இருந்தால் ஈக்வலைசருக்கு வாருங்கள். துணுக்கில் இல்லாத ஒலியை எந்த ஈக்வலைசரும் உண்டாக்கித் தராது.

சரி, எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது அதை எங்கே செருகுவது?

சிந்தசைசருக்கும் சவுண்டு கார்டுக்கும் நடுவில். அந்த நடுப்பாதை உங்கள் ராஸ்பெரி பையில் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். ஃப்ளூயிட்சிந்த் நேரடியாக அல்சாவுக்கு (லினக்ஸில் சவுண்டு கார்டை இயக்கும் அடித்தளம்) அனுப்பினால் அல்சாஈக்வல் என்ற ஈக்வலைசர். ஜாக் (இசை மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒலிச் சேவை) ஓடினால் அதற்குள் ஒரு பிளகின். டெஸ்க்டாப்போடு கூடிய ராஸ்பெரி பை ஓஎஸ் 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து பைப்வயர் என்ற ஒலிச் சேவையைப் பயன்படுத்துகிறது. அதில் பைப்வயரின் ஃபில்டர்-செயின் என்ற வசதி இருக்கிறது, ஈக்வலைசருக்கு வேண்டிய ஷெல்ஃப், பீக்கிங் வடிகட்டிகள் உள்ளேயே உண்டு.

ஈக்வலைசர் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது. ஒலி ஒரு வழியில் போய்க்கொண்டிருக்கும், ஈக்வலைசரை வேறொரு வழியில் வைத்திருப்பார்கள். திரை இல்லாமல், கீபோர்டு மட்டும் மாட்டி வாசிக்கிற பெட்டி என்றால் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பும் அல்சாவும் போதும். நானும் அங்கேதான் தொடங்கினேன்.

அல்சாஈக்வல் போடுவது எப்படி? கட்டளைகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, மூன்று துண்டுகள்தான். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியனின் பொதிகளில் 'லிப்அசவுண்ட்2-பிளகின்-ஈக்வல்' என்று இருப்பதை நிறுவுங்கள். அதற்கு கேப்ஸ் என்ற லாட்ஸ்பா பிளகின் தொகுப்பும் வேண்டும். உண்மையில் ஒலியைத் திருத்துவது அதிலுள்ள 10 பேண்ட் (அதிர்வெண் பகுதி) ஈக்வலைசர்தான், அல்சாஈக்வல் அதை அல்சாவோடு கோர்த்துவிடும் ஆணி. பிறகு உங்கள் ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் அசவுண்ட்ஆர்சி கோப்பில் மூன்று பகுதிகள் எழுத வேண்டும். முதலாவது, ஸ்லைடர்களுக்கான கட்டுப்பாடு. இரண்டாவது, ஈக்வலைசர், அது எந்தக் கார்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம். மூன்றாவது, அதன் முன்னால் ஒரு 'பிளக்' வகை வாசல். கடைசியாக ஃப்ளூயிட்சிந்த்தின் அல்சா சாதனப் பெயராக அந்த மூன்றாவதன் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

சறுக்குகிற இடங்கள் இரண்டு. ஈக்வலைசர் உள்ளே மிதவைப் புள்ளி எண்களில் கணக்குப் போடுகிறது, கார்டு முழு எண்களைக் கேட்கும். அதனால் கார்டைக் குறிப்பிடும்போது வெறும் 'ஹெச்டபிள்யூ' போடாமல் 'பிளக்ஹெச்டபிள்யூ' என்று போட வேண்டும். அந்த நான்கு ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவன் நான். இரண்டாவது, கார்டின் எண். எச்டிஎம்ஐ வாயிலும் ஒரு கார்டாகவே எண்ணப்படுவதால், மானிட்டர் மாட்டிய நாளில் 2 என்று இருந்தது மாட்டாத நாளில் 0 ஆகிவிடலாம். எண்ணுக்குப் பதில் கார்டின் பெயரை எழுதுங்கள்.

அல்சாமிக்ஸரில் (அல்சாவின் ஸ்லைடர்களைக் காட்டும் நிரல்) திறந்தால் எல்லா ஸ்லைடரும் 66-ல் நிற்கிறது. நடுவில், 50-க்குக் கொண்டுவர வேண்டாமா?

வேண்டவே வேண்டாம். 66 என்பதுதான் சமநிலை. கேப்ஸின் ஈக்வலைசர் ஒவ்வொரு பேண்டையும் 48 டெசிபெல் வரை இறக்கவும் 24 டெசிபெல் வரை ஏற்றவும் விடும். மொத்தம் 72 டெசிபெல் நீளத்தை 0 முதல் 100 வரை பரப்பினால், பூஜ்ஜிய டெசிபெல் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வந்து நிற்கும். அதுதான் அந்த 66.

எல்லாவற்றையும் 50-க்கு இறக்கினால் மொத்த ஒலியும் 12 டெசிபெல் குறையும், தன்மை ஏறக்குறைய அப்படியே இருக்கும். 'சமப்படுத்தினேன், சத்தம் குறைந்துவிட்டது, ஆம்ப் கெட்டுப்போச்சா' என்று ஒருவர் கேட்டது இதனால்தான். ஒரு படி என்பது 0.72 டெசிபெல் என்று நினைவில் வையுங்கள். நான்கு படி இறக்கினால் கிட்டத்தட்ட 3 டெசிபெல். பெரும்பாலான திருத்தங்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

ரெண்டு மூணு ஸ்லைடரை ஏத்தினதும் கரகரங்குது. ஸ்பீக்கர் போச்சா?

ஸ்பீக்கர் போகவில்லை, எண்கள் கூரையில் இடிக்கின்றன. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்ச அளவு உண்டு, அதைத் தாண்டும் அலை தலை வெட்டப்பட்டு வெளியே வரும். 6 டெசிபெல் ஏற்றுவது என்றால் அலையின் உயரத்தை இரண்டு மடங்காக்குவது. ஸ்லைடரை 100-க்குத் தள்ளினால் ஏறக்குறைய 16 மடங்கு. ஃப்ளூயிட்சிந்த்தின் கெயின் இயல்பாக 0.2-ல் இருப்பதைப் பார்த்து, சத்தம் போதவில்லை என்று 1-க்கு ஏற்றிவைத்திருப்பவர்கள் நிறைய. பத்து சுரம் ஒன்றாக விழும்போது கூட்டுத்தொகை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். 0.2 அற்பமாகத் தெரிந்தாலும் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

என் பழக்கம் இது: எதையும் ஏற்ற மாட்டேன், தொந்தரவு செய்வதை மட்டும் இறக்குவேன். ட்ரெபிள் போதவில்லை என்றால் 250, 500 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்களைக் கொஞ்சம் இறக்கினாலே மேலே உள்ளது துலங்கிவிடும். குறைந்த ஒலியளவை ஆம்பில் கூட்டிக்கொள்ளலாம். எதையாவது ஏற்றியே ஆக வேண்டும் என்றால், ஏற்றிய அளவுக்கு ஃப்ளூயிட்சிந்த்தின் கெயினைக் குறைத்துவிடுங்கள்.

31 ஹெர்ட்ஸை முழுசா ஏத்திட்டேன், அப்பவும் பாஸ் வரலையே?

உங்கள் ஸ்பீக்கரின் விட்டம் என்ன? மூன்று அங்குல ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் பேசாது. பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியே 41 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. 31-ஐ ஏற்றுவது, கேட்காத ஒலிக்காக ஸ்பீக்கர் காகிதத்தை முன்னும் பின்னும் ஆட்டிக் களைப்படைய வைப்பது. அது ஆடும்போது மற்ற சுரங்களும் கலங்கும், முந்தைய கேள்வியில் சொன்ன கூரையும் சீக்கிரம் இடிக்கும்.

தலைகீழாகச் செய்து பாருங்கள். 31-ஐயும் 63-ஐயும் நன்றாக இறக்கிவிட்டு, 125-ஐ மூன்று நான்கு படி மட்டும் ஏற்றுங்கள். தாழ்ந்த சுரத்தின் அடிப்படை அதிர்வெண் கேட்காவிட்டாலும், அதன் மடங்குகள் கேட்டால் காது அந்தச் சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். சின்ன ரேடியோவில் பாஸ் கிட்டாரின் மெட்டு நமக்குப் புரிந்தது அப்படித்தான்.

ஈக்வலைசர் போட்டால் சுரம் தாமதமாக வருமா? கீ அழுத்தினால் உடனே கேட்க வேண்டும்.

வடிகட்டியால் வரும் தாமதம் கவலைப்படும் அளவுக்கு இல்லை. கேப்ஸ் மாதிரியான ஈக்வலைசர்கள் ஒவ்வொரு ஒலிப்புள்ளியும் (ஒலியலையின் ஓர் அளவு எண்) வர வரத் திருத்தி அனுப்பிவிடும். விதிவிலக்கு உண்டு: ஸ்டீவ் ஹாரிஸின் லாட்ஸ்பா தொகுப்பில் உள்ள 15 பேண்ட் ஈக்வலைசர் ஃபோரியர் மாற்றத்தால் வேலை செய்வது, ஒரு தொகுதி சேரும்வரை காத்திருந்துதான் வெளியே விடும். லீனியர் ஃபேஸ் என்று பெருமையாகப் போட்டிருக்கும் பிளகின்களும் அப்படியே. பதிவு செய்த பாட்டைத் திருத்த அவை நல்லவை, கையால் வாசிக்க வேண்டாம்.

தாமதம் உண்மையில் இடையகத்தில்தான் (ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர்) இருக்கிறது. லினக்ஸில் ஃப்ளூயிட்சிந்த்தின் இயல்பு அமைப்பு 64 புள்ளிகள் கொண்ட 16 துண்டுகள், அதாவது 1024 புள்ளிகள். நொடிக்கு 44,100 என்ற வேகத்தில் அது 23 மில்லிவினாடி. விரல் அதை உணரும். 128 புள்ளிகளில் 3 துண்டு என்று மாற்றினால் 9-க்குள் வந்துவிடும். பைப்வயரிலும் இதே கதை: இயல்பான குவாண்டம் (ஒரு சுற்றில் அனுப்பும் தொகுதி) 1024 புள்ளிகள், வேகம் 48,000, ஆகவே 21 மில்லிவினாடி. வாசிக்கும்போது அதை 128 அல்லது 256-க்குக் குறைக்க வேண்டும். ஈக்வலைசர் மாட்டிய பிறகு தாமதம் கூடிவிட்டது என்று சொல்பவர்கள், பெரும்பாலும் அதே சாக்கில் டிமிக்ஸையோ (பல நிரல்களின் ஒலியைக் கலக்கும் அல்சா வசதி) பெரிய இடையகத்தையோ வழியில் சேர்த்திருப்பார்கள்.

இந்தச் சின்னப் பலகை தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சாதாரண வடிகட்டிக்கு ஒரு ஒலிப்புள்ளிக்கு 5 பெருக்கல். 10 பேண்ட், இரண்டு பக்கம், நொடிக்கு 48,000 புள்ளி: மொத்தம் 48 லட்சம் பெருக்கல். பை 4-ன் ஒரு கருவே (கோர்) நொடிக்கு 150 கோடி முறை துடிக்கிறது, அப்படி நான்கு கருக்கள். ஈக்வலைசர் அதற்கு ஒரு தூசு.

திக்கித் திக்கி வந்தால் காரணம் சிந்தசைசர்தான். ஃப்ளூயிட்சிந்த் இயல்பாக 256 குரல்கள் (தனித்தனியே ஒலிக்கும் துணுக்குகள்) வரை ஒரே நேரத்தில் விடும். ஸ்டீரியோ பியானோவில் ஒரு சுரத்துக்கே இரண்டு குரல் போகும், பெடலை மிதித்தால் எண்ணிக்கை சரசரவென ஏறும். பழைய பலகை என்றால் 64-க்குக் குறையுங்கள், ரிவெர்ப்பை அணைத்துப் பாருங்கள். சிபியு வேகத்தை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் பூட்டுங்கள். மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தால் சூட்டையும் கவனியுங்கள், 80 டிகிரியை நெருங்கினால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஜாக் போட்ட பிறகு அல்சாஈக்வல் ஸ்லைடர் எதுவும் எடுபடவில்லையே?

ஜாக் சவுண்டு கார்டை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கட்டிய மூன்று துண்டுப் பாதை பக்கத்தில் சும்மா கிடக்கும். ஜாக் உள்ளவர்கள் கார்லா மாதிரி ஒரு பிளகின் தாங்கியைத் திறந்து, அதில் ஓர் எல்வி2 (லாட்ஸ்பா போல இன்னொரு பிளகின் வகை) ஈக்வலைசரை ஏற்றி, சிந்தின் வெளிவழியை அதற்கும் அதன் வெளிவழியைக் கார்டுக்கும் இணைக்க வேண்டும். வரிசையாக இருப்பதால் ஒரே சுற்றில் இரண்டும் முடிந்துவிடும், கூடுதல் தாமதம் இல்லை.

இங்கே ஒரு பொறி. ஃப்ளூயிட்சிந்த்தைத் தொடங்கும்போது தானாக இணைக்கும் விருப்பத்தைக் கொடுத்திருந்தால், சிந்திலிருந்து கார்டுக்கு ஒரு நேர்க்கம்பி ஏற்கனவே போயிருக்கும். அதை அறுக்காமல் ஈக்வலைசரைச் சேர்த்தால் திருத்திய ஒலியும் திருத்தாத ஒலியும் கலந்து வரும். ஸ்லைடரை அடிவரை இறக்கினாலும் அந்த ஒலி போகாது, 'பாதி வேலை செய்கிறது' என்று தோன்றும். பாதி வேலை செய்கிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது நேர்க்கம்பியைத்தான்.

பியானோ நன்றாக இருக்கிறது, தபேலா மட்டும் கும்முன்னு இருக்கு. அதுக்கு மட்டும் தனியா ஈக்வலைசர் வைக்கலாமா?

அல்சாஈக்வலால் முடியாது. எல்லா வாத்தியமும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் ஒலி அதனிடம் வருகிறது. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்றால் முருங்கைக்காயில் மட்டும் எப்படிக் குறைப்பது? ஜாக்கில் வழி உண்டு. ஃப்ளூயிட்சிந்த்தில் பல வெளிவழி விருப்பத்தைப் போட்டு, ஒலி வழிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால், மிடி சேனல்கள் (வாத்தியத்துக்கு ஒன்றாக ஒதுக்கும் வழிகள்) தனித்தனி ஜோடிகளாகப் பிரிந்து வரும். தபேலா வரும் ஜோடியில் மட்டும் ஈக்வலைசரை மாட்டலாம். ஆனால் அப்போது ரிவெர்ப்பும் கோரஸும் வேறு வாயில்களில் தனியாக வரும், அவற்றையும் நீங்களே கார்டில் கோர்க்க வேண்டும். கோர்த்தால் தபேலாவின் ரிவெர்ப்பில் பழைய கும் அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு வாத்தியம்தான் பிரச்சினை என்றால், எனக்கு இவ்வளவு கம்பி இழுக்க மனம் வராது. பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் சவுண்டுஃபான்ட்டைத் திறந்து, அந்த வாத்தியத்தின் அளவையோ வடிகட்டி எல்லையையோ மாற்றிச் சேமித்துவிடுவேன். ஒருமுறை செய்தால் எந்தப் பெட்டியில் போட்டாலும் கூடவே வரும்.

10 பேண்ட் போதுமா? பாராமெட்ரிக் வாங்கச் சொல்கிறார்களே.

வாங்க எதுவும் இல்லை, நல்லவை பல இலவசம். 10 பேண்ட் ஈக்வலைசரில் இடங்கள் நிலையானவை: 31-ல் தொடங்கி ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரண்டு மடங்காக 16,000 வரை. மொத்தத் தன்மையைச் சரிசெய்ய அது தாராளம். ஆனால் அறையோ மேசையோ 180 ஹெர்ட்ஸில் ரீங்கரித்தால் 125, 250 இரண்டையும் இறக்கி நல்லதையும் சேர்த்து இழக்க வேண்டும். பாராமெட்ரிக்கில் இடத்தையும் அகலத்தையும் நீங்களே வைக்கலாம்.

இடம் கண்டுபிடிக்க, அகலத்தைக் குறுக்கி 6 டெசிபெல் ஏற்றி, மெல்ல நகர்த்திக்கொண்டே வாசியுங்கள். காதை அறையும் இடம் வந்ததும் அதே இடத்தில் இறக்குங்கள். ஹெட்ஃபோனில் இதைச் செய்யும்போது ஒலியளவை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கையால் தொடங்கினால் நன்றாக இருக்கிறது. பூட் ஆனதும் தானாகத் தொடங்க வைத்தால் ஈக்வலைசர் செட்டிங் எல்லாம் போய்விடுகிறது.

போகவில்லை, வேறொருவர் வீட்டில் தேடுகிறது. அல்சாஈக்வல் தன் அளவுகளைத் தொடங்கியவரின் ஹோம் கோப்புறையில் ஒரு மறைகோப்பில் வைத்துக்கொள்ளும். கையால் தொடங்கும்போது அது உங்கள் கோப்புறை. சிஸ்டம்டி (பூட் ஆகும்போது நிரல்களைத் தொடங்கும் லினக்ஸ் பகுதி) சேவையாக ரூட் (நிர்வாகப் பயனர்) தொடங்கினால் ரூட்டின் கோப்புறை. அங்கே எல்லாம் 66. அசவுண்ட்ஆர்சி கோப்பும் அங்கே இருக்காது என்பதால் சிலருக்குச் சத்தமே வராது. சேவைக் கோப்பில் பயனராக உங்கள் பெயரைப் போடுங்கள், அந்தப் பயனர் 'ஆடியோ' குழுவில் இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

வீட்டில் கேட்டால் அமிர்தம். மண்டபத்தில் போட்டால் ஒரே இரைச்சல். ஏன்?

எனக்கும் நடந்தது. ஒரு வரவேற்புக்கு முந்தின இரவு, பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டுமே என்று மெதுவாக வைத்து ஈக்வலைசரைச் சரிசெய்தேன். 63-ஐயும் 8,000-ஐயும் ஏற்றியதும் அவ்வளவு இனிமை. மறுநாள் மண்டபத்தில் முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் மிக்சரில் இருந்தவர் எழுந்து வந்து, 'தம்பி, முதல்ல அந்த பாஸைக் குறைப்பா' என்றார். சொன்னது சரிதான்.

ஒலி மெதுவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்தவற்றையும் குறைவாகவே உணரும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வளைகோடு போட்டுவிட்டார்கள். மெதுவாக வைத்துத் திருத்தினால் அந்தக் குறையைச் சேர்த்தே நிரப்பிவிடுவோம். சத்தம் கூடியதும் காதின் குறை மறையும், நாம் நிரப்பியது மட்டும் மிஞ்சும். இப்போதெல்லாம் மண்டபத்துக்குப் போகும்போது எல்லா ஸ்லைடரும் 66-ல்தான் இருக்கும். அறைக்கான திருத்தத்தை மிக்சரில் இருப்பவரே செய்யட்டும், அவர் காது அங்கே இருக்கிறது.

நான் எம்டி32-பை போட்டிருக்கிறேன். அதில் இதெல்லாம் எங்கே?

அதில் லினக்ஸே இல்லை. பலகையில் நேரடியாக ஓடும் சிந்தசைசர் அது. அதனால்தான் போட்ட சில நொடிகளில் தயாராகிவிடுகிறது. அல்சா, ஜாக், பைப்வயர் மூன்றும் இல்லாததால் மேலே சொன்ன எந்தச் செருகலுக்கும் இடமில்லை. சவுண்டுஃபான்ட் வைத்து வாசிப்பவர் என்றால் தபேலா கேள்வியில் சொன்ன பாலிஃபோன் வழி உண்டு. மற்றபடி பலகைக்கு வெளியேதான்: ஒரு சின்ன மிக்சரில் பாஸ், ட்ரெபிள் திருகு இருந்தால் அதையே ஈக்வலைசராக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.